அந்நியப் பொருள்

டோங்குவானில், நான்காவது மாடியில்,
ஜன்னல் இல்லாத அறையில் என் வேலை.
மேசைமேல் ஒரு தட்டு.
தட்டில் ஒரு யுவான் நாணயம், சாவி வளையம்,
மாத்திரை தீர்ந்துபோன அலுமினியத் தாள்,
சிகரெட் பெட்டிக்குள் இருக்குமே, அந்த வெள்ளித் தகடு.
ஆய்வகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்:
அந்நியப் பொருள்.

கம்பியில்லாமல் சார்ஜ் ஏற்றும் பலகைக்கும்
அதன்மேல் படுத்திருக்கும் போனுக்கும் நடுவே
ஒவ்வொன்றாய் நுழைப்பேன்.
பலகை கண்டுகொள்ள வேண்டும்.
கண்டுகொண்டால் சிவப்பு விளக்கு. தாளில் ஒரு டிக்.
கண்டுகொள்ளாவிட்டால்
நாணயம் தோசைக்கல்லாய்ச் சுடும்.
போன மாதம் சுய் ஃபாங்மின் அவசரப்பட்டு எடுத்தான்.
யுவானில் இருக்கும் செவ்வந்தி
அவன் கட்டைவிரலில் பூத்தது.
ஒரு வாரம் எல்லோரிடமும் விரலை நீட்டிக்கொண்டே திரிந்தான்,
பணம் ஒட்டும் கை பாருங்கள் என்று.

என் கணவன் யூ கைஷெங்
ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோகிறவன்.
போன் செத்தால் ஆர்டர் இல்லை.
நூடுல்ஸ் கடைச் சுவரில் ஒரே ஒரு பிளக்,
அதற்கு மூன்று பேர் வரிசை.
அவன் பங்கு பதினோரு நிமிடம்.
"எவ்வளவு ஏறிச்சு?"
"அறுபத்திரண்டு."
"போதும்," என்று வாயில் நூலோடு எழுந்துவிடுவான்.

ஒருநாள் அவனுக்கு விளக்கினேன்:
வேகமெல்லாம் முதல் பாதியில்தான்.
எண்பதைத் தாண்டியதும்,
பால் பொங்கி வரும்போது அடுப்பைத் தணிக்கிற மாதிரி
மின்சாரம் தானே தணிந்து
சொட்டுச் சொட்டாய் இறங்கும்.
கடைசி இருபதை எந்த விளம்பரத்திலும் காட்டமாட்டார்கள்.

அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்:
"நூறு என்று எழுதி
நான் பார்த்ததே இல்லை."

செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு.
மகனுக்குப் பள்ளியில் இடம் கேட்கப் போனேன்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்
என் அடையாள அட்டையை வாங்கி
ஒரு சின்னப் பலகைமேல் வைத்தாள்.
வைத்த விதத்திலேயே தெரிந்தது,
நம்மைப் போல ஒரு நாளைக்கு நானூறு தடவை வைக்கிறவள்.
திரையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.
"பதிவு குய்சோவில் இருக்கிறது. இங்கே இல்லை.
புள்ளிகள் போதாது."
ஒன்பது வருடம், என்றேன்.
அதற்கு எத்தனை புள்ளி என்றும் சொன்னாள்.
கெட்டவள் இல்லை. அவளும் இருமிக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு ஷிப்டில்
நாணயம் முடிந்தது, வளையம் முடிந்தது,
வெள்ளித் தகடும் முடிந்தது.
ஃபாங்மின் கழிவறைக்குப் போயிருந்தான்.
சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து
பலகைக்கும் போனுக்கும் நடுவே வைத்தேன்.
என் முகம் கீழே, என் ஊர் மேலே.

பச்சை.

பச்சையாகவே இருந்தது.
போன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது:
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
பலகைக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை.
நாற்பத்தொரு டிகிரியில் உருவிவிட்டேன்.
அட்டை, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி போல.

விதிப்படி இது பலகையின் குற்றம்.
அந்நியப் பொருளைக் கண்டுகொள்ளவில்லை,
தோல்வி, என்று எழுத வேண்டும்.
அந்தப் பொருளுக்குத் தாளில் கட்டமே கிடையாது,
நானாக ஒன்று வரைந்தேன்.
வரைந்து காலியாக விட்டிருக்கிறேன்.

ஒரு மணிக்கு வாசலில் நிற்கும்போது
அவன் அழைத்தான். பின்னால் லாரிச் சத்தம், மழை.
"பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னாங்க?
சீக்கிரம் சொல், நாலு சதவீதம்தான் இருக்கு."

நாலு சதவீதத்தில் சொல்கிற விஷயமா?

"நூடுல்ஸ் கடை திறந்திருக்கா?" என்றேன்.
"திறந்திருக்கு."
"போய் உட்கார். பிளக்கில் மாட்டு.
நூறு ஆகிறவரை எழுந்திருக்காதே.
அப்புறம் கூப்பிடு."